வாளை உறையில் போட்டுவிட்டு: பேனர்லார்டில் வியாபாரம் செய்து பிழைப்பது எப்படி?

'மவுண்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட்' என்ற கணினி விளையாட்டைச் சொன்னதும் கோட்டைச் சுவரில் ஏணி சாத்தி நூற்றுக்கணக்கான பேர் ஏறும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். துருக்கியின் அங்காராவில் உள்ள டேல்வேர்ல்ட்ஸ் 2020 மார்ச்சில் இதை முன்னோட்டப் பதிப்பாக விட்டது. முழுப் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. சண்டையைப் பற்றி எழுதித் தள்ளிவிட்டார்கள். இந்த விமர்சனம் அதன் சந்தையைப் பற்றியது மட்டும். கையில் 1,000 தினாரோடு ஆட்டத்தின் கற்பனைக் கண்டமான கால்ரேடியாவில் இறங்குகிறவர், ஓர் ஊரில் வாங்கி இன்னோர் ஊரில் விற்றே தலையெடுக்க முடியுமா?

முடியும். ஆட்டத்தின் முன்பாதியில் இதைவிட ருசியான வேலை வேறில்லை. பின்பாதியில் அதே வியாபாரம் கணக்குப்பிள்ளை உத்தியோகம்போல ஆகிவிடுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: இங்கே சரக்குக்கு எடை உண்டு, தூரத்துக்கு நேரம் உண்டு, ஊர்க் கல்லாவுக்கு வரம்பு உண்டு.

விலை எப்படி நகர்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு முக்கிய விளைபொருள் இருக்கும்: தானியம், களிமண், இரும்புத் தாது, ஆளி, திராட்சை, பேரீச்சை, ஆட்டு ரோமம், மரம் என்று. வரைபடத்தில் கிராமத்தின் மேல் சுட்டியை வைத்தாலே அது தெரிந்துவிடும். கிராமத்தார் அந்தச் சரக்கைத் தாங்கள் சேர்ந்த நகரத்துக்கு நடந்தே கொண்டுபோய் விற்கிறார்கள். வரத்து கூடினால் விலை சரியும், குறைந்தால் ஏறும். யாரோ ஒரு பிரபு அந்தக் கிராமத்தைக் கொளுத்திவிட்டுப் போனால் வரத்து அடியோடு நின்று, நகரத்தில் அந்தச் சரக்கின் விலை மேலே போகும். இதெல்லாம் திரைக்குப் பின்னால் நடக்கும் ஜாலவித்தை இல்லை. தானியம் சுமந்துபோகும் கிராமத்தாரை வழியில் நீங்களே பார்க்கலாம், அவர்களைக் கொள்ளையர் துரத்துவதையும் பார்க்கலாம். பேனர்லார்டின் பொருளாதாரத்தில் பாராட்ட வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

ஆகவே மலிவாக வாங்க வேண்டுமானால் விளையும் இடத்துக்கே போக வேண்டும். கிராமத்தில் வாங்குங்கள், நகரத்தில் விற்றுவிடுங்கள். கிராமத்தில் விற்கலாம் என்று மூட்டையை அவிழ்த்தால் ஏமாற்றம்தான். அங்கே காசு சொற்பம், நான்கு சாமான் விற்றதும் தீர்ந்துவிடும்.

புதிதாக வருகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளும் இடம் வியாபாரத் திரை. காட்டப்படும் விலை அடுத்த ஒரு மூட்டைக்கு மட்டுமே. ஒன்று எடுத்தால் அடுத்ததன் விலை கொஞ்சம் ஏறும். விற்கும்போது இதற்கு நேர்மாறு. புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. களிமண் இந்த ஊரில் 12 தினார், அடுத்த ஊரில் 25. நாற்பது மூட்டைக்கு 520 தினார் லாபம் என்று மனம் கணக்குப் போடும். ஆனால் வாங்க வாங்க 12 என்பது 20 வரை ஏறுகிறது. விற்க விற்க 25 என்பது 15 வரை இறங்குகிறது. சராசரியாக 16-க்கு வாங்கி 20-க்கு விற்றால் கைக்கு வருவது 160. அதே ஊரில் இருபது மூட்டையோடு நிறுத்தியிருந்தால்? 14-க்கு வாங்கி 22.5-க்கு விற்று 170. பாதிச் சரக்கு, பாதிச் சுமை, ஆனால் பத்து தினார் அதிகம். இந்தக் கணக்கில் 29-வது மூட்டையை ஒட்டி வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றாகிவிடுகின்றன. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் போட்ட முதலைத்தான் தின்னும்.

இதிலிருந்து கிடைக்கும் பழக்கம்: முதல் மூட்டையின் விலையைப் பார்க்காதீர்கள், கடைசி மூட்டையின் விலையைப் பாருங்கள். கன்ட்ரோல் விசையோடு சொடுக்கினால் குவியல் முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிடும். கைநஷ்டத்தில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஷிஃப்ட் அழுத்தி ஐந்து ஐந்தாக எடுங்கள். விலை எங்கே முறுக்கிக்கொள்கிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு வேறு சரக்குக்குப் போங்கள். ஒரே சரக்கில் அறுபது மூட்டையைவிட மூன்று சரக்கில் இருபது இருபதாக ஏற்றுவது ஏறக்குறைய எப்போதும் நல்லது. விற்கும்போதும் இதே கதை: இந்த ஊரில் பாதி, அடுத்த ஊரில் மீதி. வாங்கிய ஊரிலேயே திருப்பி விற்றுக் காசு பார்க்க வழியில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே ஆட்டம் எப்போதும் ஒரு கழிவைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது சுமை. பெரும்பாலான வணிகச் சரக்கு ஒன்றின் எடை 10. ஓர் ஆள் 20 எடை சுமப்பார், ஒரு பொதிக்குதிரையோ கோவேறு கழுதையோ 100. நாற்பது ஆளும் இருபது பொதி விலங்கும் இருந்தால் மொத்தம் 2,800. அதாவது ஏறக்குறைய 280 மூட்டை, நீங்கள் தூக்கிச்செல்லும் கவசமும் வில்லும் போக. எல்லையைத் தாண்டி ஏற்றினால் வேகம் தடாலென்று விழும். சரி, விலங்குகளை மேலும் வாங்கிக் குவிக்கலாமே என்றால் அங்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. மேய்ப்பதற்கு ஆள் வேண்டும். விலங்கின் எண்ணிக்கை ஆள் எண்ணிக்கையைத் தாண்டினால் மந்தைத் தண்டனை விழுந்து வேகம் குறையும். ஆடு, மாடு, பன்றியை வாங்கி விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். அவற்றுக்கு மூட்டைபோல எடை கிடையாது, ஆனால் மந்தைக் கணக்கில் தலைக்குத் தலை சேரும். விற்கவும் முடியவில்லை, ஓட்டவும் முடியவில்லை என்றால் வியாபாரத் திரையிலேயே அறுத்து இறைச்சியாகவும் தோலாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

எனவே கூட்டத்தின் அளவு ஒரு நூலிழைக் கணக்கு. ஆள் குறைந்தால் கொள்ளையர் துணிந்து வருவார்கள். கூடினால் சம்பளமும் சாப்பாடும் லாபத்தைத் தின்னும். இருபது பேர் நாளொன்றுக்கு ஒரு மூட்டை உணவு தின்பார்கள். விற்பதற்காக ஏற்றிய வெண்ணெயும் பேரீச்சையும் அவர்கள் கண்ணுக்குச் சாப்பாடுதான். உங்கள் கொள்முதல் விலையைப் பார்த்துத் தின்பவர்கள் இல்லை. பலவகை உணவு இருந்தால் படையின் மனவலு கூடும் என்பதால் இதை முழு நஷ்டம் என்றும் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட பயணத்தில் விலையுயர்ந்த உணவுச் சரக்கை ஏற்றினால் போய்ச் சேரும்போது எண்ணிக்கை குறைந்திருக்கும் என்பதை முதலிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

முப்பது முதல் நாற்பது பேர், அதில் பாதிக்கு மேல் குதிரைமேல் என்பது வியாபாரிக்கு ஏற்ற அளவு. காலாட்படைக்கு உபரிக் குதிரைகளை வாங்கிப் பையில் போட்டுவைத்தாலே அவர்கள் அதில் ஏறிக்கொள்வார்கள், வேகம் கூடும். இரவிலும் பனியிலும் காட்டிலும் வேகம் குறையும். சாதாரண வழிப்பறிக்காரன் உங்களைப் பிடிக்க மாட்டான். பயப்பட வேண்டியது குதிரையில் வரும் பாலைவனக் கொள்ளையரும் புல்வெளிக் கொள்ளையரும்தான். சுமை நிரம்பிய நிலையில் தெற்கே அசெராய் நாட்டு மணலிலோ கிழக்கே குஸைத் நாட்டுப் புல்வெளியிலோ நடமாடும்போது தொலைவில் அவர்கள் தெரிந்தால் பக்கத்து நகரத்துக்குள் புகுந்துவிடுவது உத்தமம்.

எந்தச் சரக்கு, எந்தப் பாதை? முதல் 1,000 தினாரில் விலையுயர்ந்த வெல்வெட்டையோ நகையையோ தொடாதீர்கள். ஒரு தவறு போதும், முதல் முடங்கிவிடும். இரண்டு மூன்று பொதி விலங்கு, மீதிக்குத் தானியம், மீன், களிமண், மரம் போன்ற மலிவுச் சரக்கு என்று தொடங்குங்கள். லாபம் சில்லறைதான், ஆனால் ஊர்களின் சுபாவம் பிடிபடும். தெற்கே குயாஸ், சனாலா, ஹுப்யார் போன்ற அசெராய் நகரங்கள் பக்கம் பேரீச்சை மலிவு. வடக்கே வார்செக், பால்கார்ட், ரெவில் இருக்கும் ஸ்டர்ஜியாவில் உரோமத்தோல் கிடைக்கும். கிழக்கே குஸைத் நாட்டில் குதிரை. நடுவில் பேரரசின் நகரங்கள் நெருக்கமாக அடுக்கியிருப்பதால், தொடங்குகிறவருக்கு அங்கே நான்கைந்து ஊர்களை வட்டமாகச் சுற்றிவருவது எளிது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓராண்டுக்கே 84 நாள்தான் உள்ள உலகம் இது. போய்வரும் நாள்களின் சம்பளத்தையும் சாப்பாட்டையும் கழித்தால், நெருக்கமான வட்டம் பல நேரம் நெடும்பயணத்தை வென்றுவிடும். முற்றுகை நீங்கிய நகரம் ஏதாவது கண்ணில் பட்டால் உணவுச் சரக்கோடு அங்கே ஓடுங்கள். உள்ளே கையிருப்பு வற்றிப்போய், தானியமே நல்ல விலை கேட்கும்.

கதாபாத்திரத்தை உருவாக்கும்போதே வியாபாரம்தான் என்று முடிவுசெய்திருந்தால் அசெராய் இனத்தை எடுங்கள். கேரவன் (ஊர் ஊராகச் சரக்கோடு போகும் வணிகக் கூட்டம்) அமைக்க 30 சதவீதம் மலிவு, வணிகக் கழிவும் 10 சதவீதம் குறைவு. சமூகப் பண்புக்கும் வணிகத் திறனுக்கும் புள்ளிகளைப் போட்டுவையுங்கள். திறன் 25-ஐத் தொட்டதும் வரும் தேர்வில், சரக்கு விற்கிறவருக்கு ஏற்றது மொத்த வியாபாரி பெர்க் (திறன் உயரும்போது கிடைக்கும் சலுகை). லாபத்தில் விற்கும் சரக்கும் அதன்பின் திரையில் அடையாளமிட்டுக் காட்டப்படும். 50-இல் சராசரி விலையோடு ஒப்பிட்ட குறியீடு வரும். அங்கே கேரவன் தலைவர் பெர்க்கை எடுத்தால் சுமக்கும் திறனும் கூடும். இந்த 50-ஐ எட்டும் வரை குருட்டு வியாபாரம், எட்டியபின் கண் திறந்த வியாபாரம் என்றே சொல்லலாம்.

ஒரு நுணுக்கம். வாங்கி, அதைவிட அதிக விலைக்கு விற்பதுதான் வணிகத் திறனை முக்கியமாக வளர்க்கும். போரில் அள்ளிய கவசத்தையும் சரக்கையும் எவ்வளவு விற்றாலும் கல்லா நிறையுமே தவிர அனுபவப் புள்ளி ஏறாது. சண்டை போட்டுக்கொண்டே வணிகத் திறனும் ஏறட்டும் என்று காத்திருக்கிறவர்கள் வெகுகாலம் காத்திருப்பார்கள்.

இனிக் குறை. விலைத் தகவல் தரும் விதம் இந்த ஆட்டத்தின் மோசமான பகுதி. சரக்கின் மேல் சுட்டியை வைத்தால் காதில் விழுந்த சந்தை வதந்திகள் இரண்டு மூன்று காட்டும். அவ்வளவுதான். எல்லா ஊர் விலையையும் ஒரே இடத்தில் பார்க்க ஒரு பேரேடு இல்லை, நீங்களே போய்ப் பார்த்த விலையின் வரலாறும் இல்லை. 2010-இல் வந்த முந்தைய ஆட்டமான வார்பேண்டில்கூடச் சந்தையில் உள்ளூர் விலையை ஆராயச் சொன்னால், எதை எங்கே கொண்டுபோனால் லாபம் என்று வாயால் சொல்வார்கள். பத்தாண்டு கழித்து வந்த ஆட்டத்தில் காகிதமும் பேனாவும் தேவைப்படுகிறது. குறித்துக்கொண்டு ஆடுவது சிலருக்குப் பிடிக்கும், ஆனால் அது ஆட்டத்தின் சாமர்த்தியம் இல்லை, அதன் சோம்பல். குறிக்கிறவர்கள் விலையோடு தேதியையும் குறியுங்கள்; பத்து நாள் பழைய விலையை நம்பிச் சரக்கேற்றினால், உங்களுக்கு முன்பே யாரோ ஒரு கேரவன் அங்கே கொட்டிவிட்டுப் போயிருக்கும்.

கேரவன் என்றதும், நம் பழைய சொல்லான சாத்துதான் அது. கையில் சில ஆயிரம் சேர்ந்ததும் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். நகரத்தில் வணிகர் ஒருவரிடம் பேசி, 15,000 தினார் கொடுத்து, உங்கள் தோழர் ஒருவரைத் தலைவராக்கி அனுப்ப வேண்டும். அசெராய்க்காரருக்கு 10,500 போதும். தோழரைச் சத்திரத்தில் பிடிக்கலாம். பெயருக்குப் பின்னால் மசாலா வியாபாரி என்ற பொருளில் பட்டம் ஒட்டியவர் இருந்தால் வணிகத் திறன் நன்றாக இருக்கும். நல்ல நாளில் சில நூறு தினார் வரும், மோசமான நாளில் ஒன்றும் வராது. போட்ட முதல் திரும்பவே பல வாரம் ஆகும். அதற்குள் சாத்து பிடிபட்டால் முதலும் போயிற்று, தோழரும் சிறையில்.

ஆகவே கேரவனின் லாபத்தைத் தீர்மானிப்பது சரக்கைவிட அரசியல்தான். எந்த அரசிலும் சேராத தனிக் குடியாக இருக்கும்வரை உங்கள் சாத்துக்குக் கொள்ளையர் மட்டுமே எதிரி. கூலிப்படையாக ஒப்பந்தம் போட்ட மறுநாளே, எதிரி அரசின் ஒவ்வொரு பிரபுவுக்கும் அது நடமாடும் பணப்பை. போரில் சேரப் போகிறீர்கள் என்றால் கேரவன் வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே மூன்று நான்கு ஓடுகிறதா? அப்படியானால் போரைத் தள்ளிப்போடுங்கள்.

பட்டறை இதைவிட நிதானமான சொத்து. நகரத்துக்குள் நடந்துபோய் ஆல்ட் விசையை அழுத்தினால் பட்டறைகளின் பெயர் மிதக்கும். அங்கே வேலைபார்ப்பவரிடம் பேசினால் வாங்கலாம். என்ன தொழில் என்பதைக் காசு கொடுத்து மாற்றவும் முடியும். தேர்வுக்கு ஒரே அளவுகோல், சுற்றியுள்ள கிராமங்கள். களிமண் கிராமம் இரண்டு இருந்தால் மண்பாண்டம், திராட்சை என்றால் திராட்சை ரசம், ஆலிவ் என்றால் எண்ணெய், தானியம் என்றால் மதுவடி, வெள்ளித் தாது என்றால் நகை, பச்சைப் பட்டு என்றால் வெல்வெட். அதே தொழில் அந்த ஊரில் முன்பே நடக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவது அடுத்த பெரிய தவறு. இரண்டு பட்டறை ஒரே மூலப்பொருளுக்கு முட்டிக்கொண்டால் அதன் விலை ஏறும், இருவரும் ஒரே சந்தையில் கொட்டுவதால் விற்பனை விலை இறங்கும். நாளுக்கு நூற்றுச் சொச்சம் தினார் தந்தாலே அது நல்ல பட்டறை.

வருமானம் திடீரென்று பூஜ்யமாகிவிட்டதே என்று புலம்புகிறவர்களில் ஒரு பகுதியினர் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொண்டவர்கள். மண்பாண்டப் பட்டறை வைத்திருக்கும் ஊரில் களிமண் மலிவாக இருக்கிறதென்று தாங்களே அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். அல்லது வேறு ஊர் மண்பாண்டத்தைக் கொண்டுவந்து அங்கேயே விற்றுத் தங்கள் விலையைத் தாங்களே உடைத்திருப்பார்கள். மிச்சப் பேருக்குக் காரணம் கொளுத்தப்பட்ட கிராமம். 1.2 பதிப்பில் வந்த கிடங்கு வசதி இங்கே கைகொடுக்கிறது. மலிவான காலத்தில் மூலப்பொருளை வாங்கிக் கிடங்கில் அடைத்துவிட்டால், வரத்து நின்ற நாளிலும் பட்டறை ஓடும். உற்பத்தியில் ஒரு பங்கை உள்ளூரில் விற்காமல் கிடங்குக்கே திருப்பி, நீங்களே எடுத்துப்போய் நல்ல விலைக்கு விற்கவும் முடியும். வியாபாரிக்கு டேல்வேர்ல்ட்ஸ் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

எத்தனை பட்டறை வைக்கலாம் என்பது குலத்தின் தரத்தைப் பொறுத்தது. வார்பேண்டில் நகரத்துக்கு ஒன்று என்று நாடெங்கும் தொழில் தொடங்கலாம். சாயப்பட்டறை போட்டு வெல்வெட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் ஏராளம். இங்கே அது நடக்காது. குலத் தரத்தை உயர்த்தப் புகழ் வேண்டும், புகழுக்குச் சண்டையும் பந்தயமும் வேண்டும். வாளே எடுக்காத வியாபாரி என்ற கனவை ஆட்டம் இந்த இடத்தில் மெல்ல நசுக்குகிறது.

செலவுப் பக்கத்தைப் பார்த்தால் ஏன் பின்பாதி சலிக்கிறது என்று புரியும். மூன்றாம் தரச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு 5 தினார், ஐந்தாம் தரத்துக்கு 12. நூறு பேர் கொண்ட நல்ல படை நாளுக்கு ஆயிரத்தை நெருங்கிக் கேட்கும். ஊர் ஊராகக் களிமண் விற்று அதைக் கட்டுவது முடியாத காரியமில்லை, ஆனால் வேறெதற்கும் நேரம் இருக்காது. அதே நேரத்தில் கொல்லுப் பட்டறையில் குந்தியிருப்பவர் மரத்தைக் கரியாக்கி, பழைய ஆயுதங்களை உருக்கி, இரண்டு கைப் பெருவாள் ஒன்றை அடித்து, நீங்கள் ஒரு சுற்று முழுக்கச் சம்பாதித்ததை ஒரே விற்பனையில் தாண்டிவிடுவார். பதிப்புக்குப் பதிப்பு அதைக் கட்டுப்படுத்தினாலும் தராசு இன்னும் கொல்லன் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அவருக்கும் ஒரு சிக்கல் உண்டு: வாளின் விலையைக் கொடுக்க ஊர்க் கல்லாவில் காசு இருக்காது. அப்போது காசுக்குப் பதில் அந்த ஊரின் மலிவுச் சரக்கையும் குதிரைகளையும் எடுத்துக்கொண்டு, வாளைக் கொடுத்து நேர்செய்து, அந்தச் சரக்கை அடுத்த ஊரில் விற்க வேண்டும். கொல்லுத் தொழிலும் வியாபாரமும் சேரும் இந்த இடம்தான் கையில் பணம் மிக வேகமாகப் புரளும் இடம்.

வணிகத் திறனின் உச்சத்தில் இரண்டு பெரிய பரிசுகள் இருக்கின்றன. 250-இல் கிடைக்கும் ஒரு பெர்க், கையிருப்பில் 0.1 சதவீதத்தைத் தினமும் வட்டியாகத் தரும், உச்சவரம்பு 1,000 தினார். அந்த வரம்பைத் தொட 10 லட்சம் தினார் சும்மா கிடக்க வேண்டும். 10 லட்சம் சும்மா வைத்திருப்பவருக்கு 1,000 எதற்கு என்பது தனிக் கேள்வி. 300-இல் வருவது எல்லாவற்றுக்கும் விலை உண்டு என்ற பெர்க். அதைப் பெற்றவர் பேரம்பேசிக் கோட்டையையும் நகரத்தையுமே விலைக்கு வாங்கலாம். ஏணி இல்லை, முற்றுகை இல்லை, பணம் மட்டும். யோசனை அபாரம். ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குள் பெரும்பாலோர் அந்த நகரத்தைச் சண்டையிலேயே பிடித்திருப்பார்கள்.

வியாபாரத்துக்காக மட்டும் இதை வாங்கலாமா என்றால், வரைபடத்தைப் பார்த்துப் பாதை போடுவதில் சுகம் காண்பவர் தாராளமாக வாங்கலாம்; கதைப் பகுதியைத் தவிர்த்து சாண்ட்பாக்ஸ் முறையில் தொடங்குங்கள். மெனுவில் எண்கள் ஏறுவதைப் பார்த்துத் திருப்தி அடைகிறவருக்கு இது வேகம் போதாது. ஏற்கெனவே வைத்திருந்து சண்டையோடு நிறுத்திக்கொண்டவர்கள் அசெராய் வியாபாரியாக ஒரு புது ஆட்டம் தொடங்கிப் பார்க்கலாம். முதல் கோவேறு கழுதையை மட்டும் கிராமத்துக்குப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள். மலிவுச் சரக்கைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஏற்ற வழியில்லாமல் நிற்பது மகா எரிச்சல்.